ஒரே ஓடுபாதை, மூன்று வண்டிகள், பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலை

பனிப்பொழிவால் விமான நிலையம் மூடப்பட்டது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்று. சிறிய பிராந்திய விமான நிலையத்தில் வேலை செய்பவர்களின் கேள்வி வேறு: தரையின் வெப்பநிலை என்ன, அடுத்த விமானம் எத்தனை மணிக்கு? மைனஸ் 15-இல் ஒரு சாண் உலர்பனி விழுந்தாலும் தள்ளி ஒதுக்கிவிடலாம். பூஜ்யத்தை ஒட்டி இரண்டு சென்டிமீட்டர் ஈரப்பனி விழுந்து, மேலே கொஞ்சம் மழை தூறி, இருட்டியதும் எல்லாம் சேர்ந்து உறைந்தால் மறுநாள் காலை அட்டவணை போயே போய்விட்டது.

சிறிய நிலையம் என்று இங்கே சொல்வது இப்படிப்பட்ட ஒன்றை: சுமார் 1,800 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரே ஓடுபாதை, அதிலிருந்து ஏப்ரனுக்கு (விமானங்கள் நிற்கும் தளம்) ஒரே டாக்ஸிவே (விமானம் தரையில் ஊர்ந்து போகும் பாதை), மூன்று நான்கு விமானங்கள் நிற்க இடம், நாளைக்கு ஆறேழு டர்போப்ராப் (ப்ரொப்பெல்லர்) விமானங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தாலும் இருக்கும். இல்லையென்றால் ரேடியோவில் தகவல் மட்டும் சொல்லும் ஓர் அலுவலர். பனி அகற்றவென்று தனி ஆட்கள் கிடையாது, தீயணைப்புக் குழுவினரே வண்டியில் ஏறுகிறார்கள். விமானத்தின் மேல் படிந்த பனியைத் திரவம் தெளித்து அகற்றும் டீ-ஐசிங் வண்டி ஒன்றே ஒன்று. பெரிய நிலையங்களில் ஓர் ஓடுபாதையைப் பெருக்கும்போது இன்னொன்றில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். இங்கே பெருக்குகிற நேரமெல்லாம் நிலையம் மூடியிருக்கிற நேரம். எதை முதலில் செய்வது, எப்போது மூடுவது, எப்போது 'இன்றைக்கு முடியாது' என்று சொல்வது, இந்த மூன்றையும் சரியாக முடிவு செய்தால் பாதிப் பனி அகன்ற மாதிரி.

வண்டிக் கணக்கு

1,800 × 30 என்றால் 54,000 சதுர மீட்டர். அதன்மேல் 5 செ.மீ. பனி என்றால் 2,700 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. மொத்தம் 270 டன். அதே 5 செ.மீ. ஈரப்பனியாக இருந்து கன மீட்டருக்கு 300 கிலோ வந்தால் 800 டன்னைத் தாண்டிவிடும். அதே வண்டிதான், அதே ஆள்தான், எடை மூன்று மடங்கு. ஈரப்பனியில் வண்டியின் வேகம் பாதியாகக் குறைவதில் ஆச்சரியமில்லை.

முன்னால் 6 மீட்டர் தகடு பொருத்திய வண்டியை எடுத்துக்கொள்வோம். தகட்டைச் சாய்த்து வைத்துத்தான் தள்ள முடியும் என்பதால் உண்மையில் கிடைக்கும் அகலம் 5 மீட்டர். முந்தைய ஓட்டத்தின் மேல் அரை மீட்டர் ஏறிப்போக வேண்டும் என்பதால் கையில் மிஞ்சுவது 4.5 மீட்டர். 30 மீட்டர் அகலத்துக்கு ஏழு ஓட்டம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு ஓட்டத்துக்கு 2.7 நிமிடம், கடைசியில் திரும்ப ஒரு நிமிடம். ஒற்றை வண்டி என்றால் 26 நிமிடம். ஒன்றன் பின் ஒன்றாகப் படிக்கட்டு வரிசையில் இரண்டு வண்டிகள் போனால் பதினைந்து. பின்னால் பிரஷ் வண்டி வர வேண்டும், ஓரத்தில் சேர்ந்த பனிக்கரையை ப்ளோயர் வீசியெறிய வேண்டும், பிறகு ஒருவர் முழு நீளமும் போய்ப் பார்த்து அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து, எதுவும் பழுதாகாத நாளில், 35 முதல் 45 நிமிடம்.

மணிக்கு 2 செ.மீ. வீதம் பனி விழுந்துகொண்டிருந்தால், வேலை முடியும்போது முதலில் பெருக்கிய இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மறுபடியும் சேர்ந்திருக்கும். எனவே 'விழ விழப் பெருக்குவது' என்ற முறை ஒற்றை ஓடுபாதையில் அர்த்தமற்றது. விமானம் இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள்: 10:20-க்கு இறங்கும் என்றால் 9:25-க்கு ஓடுபாதையை மூடி வேலையைத் தொடங்கு, 10:10-க்கு அறிக்கை போகட்டும். விமானம் அரைமணி தாமதம் என்றால் வேலையும் அரைமணி தள்ளிப்போக வேண்டும். இதனால்தான் வண்டி ஓட்டுபவருக்கு வானிலை அறிக்கையைவிட விமானம் எங்கே இருக்கிறது என்ற தகவல் முக்கியம். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் வழிகாட்டுதல், ஆண்டுக்கு 40,000-க்கு மேல் விமான இயக்கம் உள்ள வணிக நிலையங்கள் ஓர் அங்குலப் பனியை அரைமணியில் அகற்ற வேண்டும் என்கிறது. 6,000-க்குக் குறைவான இயக்கம் உள்ள நிலையத்துக்கு இரண்டு மணிநேரம் தருகிறது. வண்டிகள் வாங்க இந்த அளவுகோல் உதவும். தினசரி வேலையில் இரண்டு மணிநேரம் என்பது ஒரு முழுச் சுற்று விமானத்தை இழப்பதற்குச் சமம்.

எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவது

காற்று குறுக்காக அடித்தால் காற்று வரும் பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்கி மறு ஓரம் வரை ஒரே திசையில் தள்ள வேண்டும். காற்று இல்லையென்றால் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும். காற்றை எதிர்த்துத் தள்ளினால், பெருக்கிய இடத்திலேயே பனி திரும்ப வந்து படியும். பிரஷ் வண்டி ஓட்டுபவருக்கு எதிரே எதுவும் தெரியாது.

தகடு தரையைத் தொட்டு உரசக் கூடாது. சின்னச் சக்கரங்கள் அதைத் தரைக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில் தாங்கி நிற்கும். அந்தச் சக்கரங்கள் தேய்ந்தால் முதலில் பலியாவது தரையில் பதித்த விளக்குகள். தகடு விட்டுவைக்கும் அந்த மெல்லிய படலத்தை எடுப்பதுதான் பிரஷ்ஷின் வேலை. அது தரையைத் தொடும் பட்டை 5 முதல் 10 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் நன்றாகப் பெருக்கும் என்று நினைப்பது தவறு: இழையின் நுனிதான் பனியைக் கிளப்புகிறது, இழை மடங்கிப் படுத்துவிட்டால் பனியைத் தடவிவிட்டுப் போகும். அழுத்தத்தில் ஒடியும் எஃகு இழைகள் ஓடுபாதையில் கிடந்தால் டயருக்கும் எஞ்சினுக்கும் ஆபத்து. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு காந்தப் பட்டை பொருத்திய வண்டியை ஒருமுறை விடுவது வீண் வேலையல்ல.

ப்ளோயரில் அடிக்கடி போவது ஷியர் பின். உறைந்த கட்டி ஒன்று சுழல்தகட்டில் மாட்டினால், கியர்பாக்ஸ் தப்புவதற்காக அந்தப் பின் முறிய வேண்டும். அதற்காகவே அது மென்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. நடு இரவில் கையிருப்பு தீர்ந்து, யாரோ ஒருவர் பட்டறையில் கிடந்த கெட்டியான போல்ட்டை மாட்டிவிடுவார். அடுத்த கட்டியில் கியர்பாக்ஸே போகும், அதோடு அந்தப் பருவமும். சரியான தர எண்ணுள்ள பத்துப் பின்களும் அதற்கான ஸ்பானரும் ஒரு பையில் வண்டிக்குள்ளேயே தொங்க வேண்டும்.

ஓரத்தில் சேரும் பனிக்கரையின் உயரம் அழகுக்காகக் கட்டுப்படுத்தப்படுவதில்லை. விளக்குகள் மறையக் கூடாது, ப்ரொப்பெல்லர் நுனியும் எஞ்சின் கூடும் இறக்கை முனையும் இடிபடக் கூடாது. டாக்ஸிவே ஓடுபாதையைச் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கரையை விட்டுவிட்டுப் போவது புதியவர்கள் செய்யும் வேலை. பத்து நிமிடத்தில் அது கெட்டியாகி, ஏறிப்போகும் சக்கரத்தைப் பதம்பார்க்கும்.

வரிசை இதுதான்: முதலில் தீயணைப்பு நிலையத்தின் கதவுக்கு வெளியே உள்ள பாதை, பிறகு ஓடுபாதை, டாக்ஸிவே, ஒரே ஒரு விமானம் நிற்கும் இடம், மற்றதெல்லாம் பிறகு. பயணிகளின் கார் நிறுத்தம்தான் எல்லோர் கண்ணிலும் படுவது, புகார் வருவதும் அதைப் பற்றித்தான். ஆனாலும் அது கடைசிதான்.

பலர் மறந்துபோகும் இடம், விமானத்தை ரேடியோ அலையால் வழிகாட்டி இறக்கும் ஐஎல்எஸ் கருவியின் கிளைடு பாத் (இறங்கும் சாய்வு) ஆண்டெனாவுக்கு முன்னால் உள்ள வெற்றுத் தரை. இறங்கும் சாய்வுக் கோணம் அந்தத் தரையில் பட்டுத் திரும்பும் அலைகளையும் சேர்த்துத்தான் உருவாகிறது. அங்கே பனி உயர்ந்தால் தரையே உயர்ந்த மாதிரி, கோணம் மாறும். கண்காணிப்புக் கருவி அலறும், அல்லது வரம்பு தாண்டியதும் அந்தச் சேவையை நிறுத்த வேண்டிவரும். அப்படி நிறுத்தினால் மேகம் தாழ்ந்த நாளில், ஓடுபாதை பளிச்சென்று இருந்தும் விமானம் இறங்க முடியாது. சரி, அங்கே போய்த் தள்ளுவோம் என்று வண்டியை விட்டால், குவியலை எங்கே விடுவது என்பதும் சிக்கலாகும். அலை போகும் வழியில் ஒரு மேடு உண்டானால் நிலைமை முன்பைவிட மோசம். சமமாக மிதித்து இறுக்குவது சில இடங்களில் அனுமதிக்கப்படுகிறது. எதைச் செய்வது என்பது அந்தந்த ஆண்டெனாவின் வகையைப் பொறுத்தது. பருவம் தொடங்கும் முன்பே கருவிப் பொறியாளரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

2021 நவம்பர் 4 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் புதிய அறிக்கை முறை உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஓடுபாதையை மூன்று சமப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஒரு குறியெண். உலர்ந்திருந்தால் 6. ஈரம், உறைபனிப் படலம், அல்லது 3 மி.மீ. வரை பனியோ ஸ்லஷ்ஷோ (நீர் ஊறிக் குழைந்த பனி) என்றால் 5. மைனஸ் 15 அல்லது அதற்குக் கீழே இறுகிய பனி 4. அதைவிடச் சூடான வெப்பநிலையில் அதே இறுகிய பனி 3. மூன்று மி.மீ.க்கு மேல் உலர்பனியோ ஈரப்பனியோ இருந்தாலும் 3. மூன்று மி.மீ.க்கு மேல் தண்ணீர் அல்லது ஸ்லஷ் 2. பனிக்கட்டி 1. ஈரமான பனிக்கட்டி 0; அதில் யாரும் இறங்குவதில்லை.

இதில் ஸ்லஷ் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். 3 மி.மீ. என்றால் 5, 4 மி.மீ. என்றால் நேராக 2. நடுவில் படி கிடையாது. குறுக்குக் காற்று இருக்கும் நாளில் 5-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம், விமானம் இறங்குவதற்கும் திரும்பிப் போவதற்கும் உள்ள வித்தியாசம். எனவே அளப்பவர் காரில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே பார்த்துச் சொல்லிவிட முடியாது. இறங்கி, ஸ்கேலை ஊன்றி, நடுக்கோட்டுக்கு இரு புறமும் சக்கரம் ஓடும் தடத்தில், ஒவ்வொரு மூன்றிலொரு பகுதியிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். பரப்பு எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்பதை 25, 50, 75, 100 என்ற படிகளில் சொல்ல வேண்டும். நடுப்பகுதி தாழ்ந்து தண்ணீர் தேங்கும் பழைய ஓடுபாதைகளில் மூன்று எண்களும் ஒன்றாக வருவதே அபூர்வம்: 5/2/5 என்று வரும், நடுவில் இருக்கும் அந்த 2-தான் விமானியின் கணக்கைத் தீர்மானிக்கும். அங்கே மட்டும் பிரஷ் வண்டியை இன்னொரு முறை விடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

உராய்வு அளக்கும் வண்டியின் எண்ணை நம்பி மட்டும் குறியெண் கொடுப்பதில்லை. பனிக்கட்டியிலும் இறுகிய பனியிலும் அது ஓரளவு பொருள் தரும். ஸ்லஷ்ஷில் அது காட்டும் எண்ணுக்கும் விமானத்தின் பிரேக்குக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. முன்னால் இறங்கிய விமானி 'பிரேக் மீடியம்' என்று சொன்னால், அட்டவணைப்படி 5 வந்திருந்தாலும் மறுபடி மதிப்பிட்டுக் குறைக்க வேண்டிவரும். கூட்டுவதற்கு விதிகள் கடுமை, குறைப்பதற்கு எளிது. அப்படி அமைத்தது சரிதான். இந்தக் குறியெண்களோடு விமானிகளுக்கு வெளியிடும் ஸ்னோடாம் அறிக்கைக்கு அதிகபட்ச ஆயுள் 8 மணிநேரம். நிலைமை மாறினால் அதற்கு முன்பே புதியது போக வேண்டும்.

ஸ்லஷ்ஷுக்கு இத்தனை கெடுபிடி ஏன் என்றால், அது பிரேக்கை மட்டும் கெடுப்பதில்லை. புறப்படும் விமானத்தின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், தெறித்து இறக்கையின் ஃபிளாப்பிலும் எஞ்சினிலும் அடிக்கும். 1958 பிப்ரவரி 6-இல் மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சென்ற விமானம் புறப்பட முடியாமல் விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்ததற்கு, பிரிட்டன் நடத்திய மறுவிசாரணை ஓடுபாதை ஸ்லஷ்ஷைத்தான் காரணமாகச் சொன்னது.

உப்புப் போட முடியாது

சாலையில் கொட்டும் உப்பை ஓடுபாதையில் கொட்ட முடியாது. குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் ஃபார்மேட் திரவங்களும், சோடியம் ஃபார்மேட், சோடியம் அசிடேட் குருணைகளும்தான் வழக்கம். யூரியா மலிவு, ஆனால் மைனஸ் 7-க்குக் கீழே அது அனேகமாக வேலை செய்வதில்லை, நீரில் கலந்தால் அமோனியாவாகிறது. எனவே பல நாடுகள் கைவிட்டுவிட்டன. பொட்டாசியம் உப்புகளுக்கும் குறை உண்டு: கார்பன் பிரேக்குகளின் ஆக்சிஜனேற்றத்தை அவை விரைவுபடுத்துகின்றன.

பனி ஒட்டும் முன்பே தெளிப்பது, ஒட்டிய பிறகு தெளிப்பது, இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். முன்கூட்டியே தெளிக்கச் சதுர மீட்டருக்குச் சுமார் 20 மி.லி. போதும், 54,000 சதுர மீட்டருக்கு 1,080 லிட்டர். நடு 20 மீட்டர் அகலத்துக்கு மட்டும் என்றால் 720. கட்டியான பிறகு தெளித்தால் இதைப்போல் பல மடங்கு வேண்டும், பலனும் குறைவு. தடித்த பனிக்கட்டிமேல் திரவத்தை ஊற்றினால் மேல்பரப்பு மட்டும் உருகும். 1 என்று இருந்த குறியெண் 0 ஆகும். மோசமாக இருந்ததை அபாயகரமாக்கியதற்குச் செலவும் செய்தாயிற்று. அந்த இடத்தில் குருணைதான் சரி: அது துளை போட்டுக்கொண்டு அடிவரை போய், தரைக்கும் கட்டிக்கும் இடையே பரவி, பிடிப்பை விடுவிக்கும். பிறகு தகடு. எல்லாம் உருகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உருகிய நீர் மருந்தை நீர்க்கச் செய்து, மறுபடி உறையும்.

தெளிக்கலாமா என்று முடிவு செய்யப் பார்க்க வேண்டியது காற்றின் வெப்பநிலையை அல்ல, தரையின் வெப்பநிலையை. மேகம் இல்லாத இரவில் காற்று +2 இருக்கும்போதே தரை மைனஸ் 2-க்குப் போய்விடும். சாயங்காலம் நன்றாகப் பெருக்கிய, ஆனால் ஈரம் காயாத ஓடுபாதைக்கு அப்படிப்பட்ட தெளிந்த இரவுதான் எமன். நிலையம் இரவு 9-க்கு மூடி காலை 5-க்குத் திறக்கிறது என்றால், கடைசி விமானம் போனதும் எல்லோரும் வீட்டுக்குப் போகும் முன் பிரஷ் வண்டியை ஒருமுறை விட்டு, நடுப்பகுதியில் திரவம் தெளிப்பதற்கு ஆகும் முக்கால் மணிநேரக் கூடுதல் சம்பளம், காலையில் இரண்டு மணிநேரம் கட்டியோடு மல்லுக்கட்டுவதைவிட எப்போதும் மலிவு.

மருந்தே வேலை செய்யாத கடுங்குளிரில் மணல். வறண்ட மணலைத் தூவினால் முதல் விமானத்தின் காற்றிலேயே பறந்துவிடும். நார்வே போன்ற இடங்களில் மணலைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான வெந்நீரில் நனைத்துத் தூவுகிறார்கள். அது பனிக்கட்டியில் சற்று உருகி இறங்கி, அங்கேயே உறைந்து, உப்புத்தாள் போலப் பிடித்துக்கொள்ளும். சூடான மைனஸ் 1-இல் இது உதவாது. உறைவதற்கே குளிர் வேண்டும்.

வண்டியும் விமானமும் ஒரே பாதையில்

1978 பிப்ரவரி 11. கனடாவின் கிரான்புரூக், கோபுரம் இல்லாத சிறிய நிலையம். பனி அகற்றும் வண்டி ஓடுபாதையில் இருந்தது. வந்துசேரும் நேரம் என்று நிலையத்துக்குச் சொல்லப்பட்டதற்கு முன்பே போயிங் 737 இறங்கிவிட்டது; வரும் வழியில் விமானிகள் தங்கள் இருப்பிடத்தை ரேடியோவில் சொல்லவுமில்லை. வண்டியைக் கண்டு, ரிவர்ஸ் (எஞ்சின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகம் குறைப்பது) போட்ட பிறகு மீண்டும் எழும்ப முயன்றார்கள். ஓர் எஞ்சினின் ரிவர்ஸர் முழுதாக மூடிப் பூட்டிக்கொள்ளாமல் திறந்துகொண்டது. 49 பேரில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாஸ்கோவின் வ்னுகோவோ போன்ற பெரிய நிலையத்திலும் 2014 அக்டோபர் 20-இல் புறப்பட்ட ஜெட் ஒன்று பனி வண்டியில் மோதி, பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டாலின் தலைவர் உட்பட விமானத்தில் இருந்த அனைவரும் இறந்தார்கள்.

எனவே 'விமானம் வர இன்னும் நேரமிருக்கிறது' என்ற வாய்ப்பேச்சின் பேரில் யாரும் ஓடுபாதையில் ஏறக் கூடாது. முறையாக மூடியதாக அறிவித்து, அலுவலர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, பிறகுதான் ஏற வேண்டும். எல்லா வண்டிகளிலும் ஒரே ரேடியோ அலைவரிசை. குழுவுக்கு ஒரே தலைவர். ஏறிய வண்டிகளை எண்ணி, இறங்கியவற்றையும் எண்ணிச் சொல்பவர் அவர் மட்டுமே. மூன்று ஏறி இரண்டு இறங்கினால் ஓடுபாதை இன்னும் மூடியதுதான். ப்ளோயர் ஓட்டுபவருக்கு இரைச்சலில் ரேடியோ கேட்காது. ஹெட்போன் வாங்கிக் கொடுக்காமல் ஒலிபெருக்கியைச் சத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வது சிக்கனமல்ல, அலட்சியம்.

தீயணைப்பு வீரர்களே வண்டி ஓட்டுவதில் இன்னொரு சிக்கல். விமானம் இறங்கும்போது அவர்கள் தங்கள் இடத்தில், உடை மாட்டித் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலையத்தின் தீயணைப்புத் தரம் குறைந்து, அந்த அளவு விமானம் இறங்கவே முடியாது. அப்படியென்றால் விமானம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே பனி வேலை நின்றாக வேண்டும். இரவு முழுக்க வண்டி ஓட்டியவர் காலையில் தீயணைப்புப் பணியில் இருப்பது தாளில் சரியாக வரும், உடம்பில் வராது.

இறக்கையின் மேல் இருப்பது

கனடாவின் டிரைடன் விபத்து சிறிய நிலையங்களுக்குப் பாடப்புத்தகம். 1989 மார்ச் 10. ஃபோக்கர் எஃப்28 விமானத்தின் துணை மின் எஞ்சின் பழுது. தரையிலிருந்து எஞ்சினைத் தொடங்கி வைக்கும் கருவி டிரைடனில் இல்லை. எனவே ஓர் எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது டீ-ஐசிங் செய்யக் கூடாது என்பது நிறுவன விதி. பனி விழுந்துகொண்டே இருந்தது, இறக்கையில் அப்படியே சேர்ந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். டீ-ஐசிங் வசதி அங்கே இருந்தது. இல்லாமல் போனது வேறு ஒரு கருவி. சிறிய நிலையங்களில் சங்கிலி இப்படித்தான் அறுகிறது. மின்சாரம் தரும் தரை வண்டிக்குக் குளிரில் பேட்டரி இறந்துபோவதும் டீ-ஐசிங் பிரச்சினையே. ஏடிஆர் வகை டர்போப்ராப் விமானங்களில் வலது எஞ்சினை, ப்ரொப்பெல்லரை மட்டும் பூட்டிவைத்து ஓடவிட்டு மின்சாரம் எடுக்க முடியும் என்பது இங்கே பெரிய வசதி.

வேலை இரண்டு கட்டம். ஆரஞ்சு நிற டைப் 1 திரவம், தெளிக்கும் முனையில் குறைந்தது 60 டிகிரி சூட்டில், இருப்பதை உருக்கி அகற்ற. பச்சை நிற டைப் 4, அல்லது டைப் 2, மேலே படிந்து நின்று புதுப்பனியைத் தாங்க. முதல் கட்டத் திரவம் உறையும் முன், சுமார் 3 நிமிடத்துக்குள், இரண்டாவது போயாக வேண்டும். திரவம் புதுப்பனியைத் தடுத்து நிற்கும் பாதுகாப்பு நேரம், இறுதிக் கட்டம் முடிந்த கணத்திலிருந்து அல்ல, தொடங்கிய கணத்திலிருந்து ஓடுகிறது. மிதமான பனியில் டைப் 1 மட்டும் என்றால் பத்து நிமிடத்தை நம்புவதே அதிகம். டைப் 4 என்றால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே அரைமணி அளவுக்குக் கிடைக்கும். டாக்ஸி தூரம் குறைவு என்பது சிறிய நிலையத்தின் வரம். பெரிய நிலையத்தில் வரிசையில் நின்றே இந்த நேரம் தீர்ந்துபோகும். ஆனால் மிதமான, கனத்த உறைமழைக்கு (பட்ட இடத்திலேயே உறையும் மழை) பாதுகாப்பு நேர அட்டவணையில் நேரமே கிடையாது. அது பெய்யும்போது எவ்வளவு திரவம் ஊற்றினாலும் புறப்பட முடியாது. திரவத்தைக் கொட்டுவதைவிடப் பயணிகளை உள்ளே உட்கார வைப்பது மேல்.

சில நடைமுறைகள். இரு இறக்கைகளுக்கும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும், ஒன்றில்தான் பனி இருந்தாலும். காற்றழுத்த உணரிகள், எஞ்சின் வாய், கண்ணாடி ஆகியவற்றில் நேராக அடிக்கக் கூடாது. ஒளி ஊடுருவும் கட்டி கண்ணுக்குத் தெரியாது, கையுறையைக் கழற்றித் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். டைப் 1 கலவையின் உறைநிலை, வெளி வெப்பநிலைக்கு 10 டிகிரி கீழே இருக்க வேண்டும். தினமும் காலையில், கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து எழுத வேண்டும். வண்டியின் தொட்டியை நாட்கணக்கில் சூடாகவே வைத்திருந்தால் நீர் ஆவியாகி, திரவத்தின் மூலப்பொருளான கிளைகால் கெட்டியாகும். அது நல்லதுதானே என்று தோன்றும்; நீர் மிகக் குறைந்துபோன கிளைகாலின் உறைநிலை மேலே ஏறும் என்பதுதான் வினை. டைப் 4 திரவத்தைச் சாதாரண மையவிலக்குப் பம்பில் மாற்றினால் அதன் பிசுபிசுப்பு அறுந்துபோகும், தொட்டியில் பார்க்கும்போது பச்சையாகவே இருக்கும், இறக்கையில் நிற்காது.

கையிருப்பைக் கணக்கிடும்போது சராசரி நாளை எடுக்காதீர்கள். நாளைக்கு ஆறு புறப்பாடு, ஒவ்வொன்றுக்கும் 300 லிட்டர் என்று வைத்தால் 1,800. திரவம் கொண்டுவரும் டேங்கர் வர வேண்டியதும் பனி மூடிய அதே சாலையில்தான். ஐந்து நாள் சாலை அடைபட்டால் 9,000 லிட்டர் கையில் இருக்க வேண்டும். மறு ஆர்டர் கொடுக்கும் அளவு அதற்கு மேலே இருக்க வேண்டும்.

ரத்து செய்யும் கலை

அரைமணி அரைமணியாக ஐந்து முறை தள்ளிப்போட்டு இரவு ஒன்பதுக்கு ரத்து செய்வதைப்போலப் பயணிகளை வதைப்பது வேறில்லை. அதற்குள் விமானிகளின் பணிநேரமும் தீர்ந்திருக்கும், ஊர் விடுதியும் நிறைந்திருக்கும். நிலையம் விமானத்தை ரத்து செய்வதில்லை, அது விமான நிறுவனத்தின் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் நிலையத்திடம்தான் இருக்கிறது. 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்பதைவிட '14:00-க்குள் திறக்க வாய்ப்பில்லை, 15:30-க்கு ஓர் அறிக்கை தருவோம்' என்பது பயன்படும் தகவல். ஐரோப்பாவின் 261/2004 விதிப்படி கடும் வானிலைக்கு இழப்பீட்டுத் தொகை கிடையாது என்றாலும் உணவும் தங்குமிடமும் தரும் கடமை விமான நிறுவனத்துக்கு உண்டு. சிறிய ஊரில் எழுபது படுக்கைகள் தேட மாலை நான்கு மணிக்கே தொடங்க வேண்டும்.

இரவு தங்கும் விமானம் ஒரு தனிக் கவலை. இடம் இருந்தால் கொட்டகைக்குள். வெளியே நின்றால் காலையில் உறைபனி நிச்சயம், டீ-ஐசிங் வண்டியின் முதல் ஒரு மணிநேரம் அதற்கே போகும். சூடான கொட்டகையிலிருந்து பனி கொட்டும்போது வெளியே எடுத்தாலும் தவறு: வெதுவெதுப்பான இறக்கையில் விழும் பனி உருகி, பிறகு கட்டியாக ஒட்டும்.

பெரிய நிலையம் மூடும்போது அங்கே போக வேண்டிய விமானங்கள் இங்கே திருப்பிவிடப்படும். சரி என்று சொல்லும் முன் எண்ண வேண்டியவை: அந்த வகைக்குப் பொருந்தும் படிக்கட்டு இருக்கிறதா, இழுவைக் கம்பி பொருந்துமா, அந்த எடையை ஏப்ரன் தாங்குமா, எரிபொருள் எவ்வளவு, டீ-ஐசிங் திரவம் எவ்வளவு. 180 பேர் உள்ள ஒரு ஜெட்டைக் கழுவித் திருப்பி அனுப்பினால், நாளைக் காலை நம் சொந்த அட்டவணைக்குத் திரவம் மிஞ்சாமல் போகலாம். அவசரநிலை என்றால் கேள்வியே இல்லை, இறங்கட்டும். வசதிக்காக என்றால், இரண்டு விமானம் என்று முன்பே எழுதிவைத்து, மூன்றாவதுக்கு இல்லை என்று சொல்ல அதிகாரி பயப்படக் கூடாது.

வண்டிகளின் டீசல் குளிர்காலத் தரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு திரண்டு வடிகட்டி அடைபடும். வெளியேற்றப் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல் மைனஸ் 11-இல் உறையும். தகட்டின் வெட்டுமுனை, ஹைட்ராலிக் குழாய், பிரஷ் செட் ஆகியவை இரண்டிரண்டாகக் கையில் வேண்டும். பிரஷ்களை வேனிற்காலத்தில் ஆர்டர் செய்பவருக்கு அக்டோபரில் வந்துசேரும், அக்டோபரில் ஆர்டர் செய்பவருக்குப் பனிக்காலம் முடிந்த பிறகு வந்தாலும் வரும். பனி உருகியதும் மணலை முழுக்கப் பெருக்கியெடுக்க வேண்டும், உடைந்த ஓர விளக்குகளை எண்ணிப் பார்த்து எந்த ஓட்டத்தில் உடைந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும், கிளைகால் சேர்ந்த வடிகால் நீரை ஓடையில் விடாமல் சேமிப்புக் குளத்துக்குத் திருப்ப வேண்டும். அது நீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொல்லும். விமானங்களின் வால் மடிப்புகளில் டைப் 4 காய்ந்து பொடியாகப் படிந்திருக்கும். அது ஈரம் பட்டால் ஊதிப் பசையாகி, உயரத்தில் உறைந்து கட்டுப்பாட்டுத் தகடுகளைப் பிடிக்கும் என்பதால், பருவம் முடிந்ததும் வெந்நீரில் கழுவும் வேலை பராமரிப்புப் பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும்.